அப்பாவின் வில்லுப்பாட்டுக் கேசட்டை இணையத்தில் ஏற்றலாமா?

நாடாப்பெட்டி, வடசேரி:

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். இரண்டு அட்டைப்பெட்டி நிறைய அப்பாவின் கேசட்டுகள். எண்ணிப் பார்த்தேன், 212. கம்பெனி அட்டையோடு கடையில் வாங்கியவை 37தான். மீதி 175ம் வெற்று நாடாவில் பதிந்தவை. அப்பாவின் கையெழுத்தில், நீல மையில், ஒவ்வொரு பாட்டின் முதல் வரி. சில வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அம்மாவைக் கேட்டேன். "எனக்குப் பிடித்த பாட்டு என்று வைத்த புள்ளி" என்றார்.

பழைய கேசட் டெக் ஒன்றுக்கு பெல்ட் மாற்றி, கணினியில் இணைத்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பத்தில் மூன்று நாடா பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. நம் ஊர் ஈரக்காற்று இரும்பையே தின்னும்போது நாடா எம்மாத்திரம்?

சினிமாப் பாட்டைப் பற்றிக் கேள்வி இல்லை, எல்லாம் எங்கேயும் கிடைக்கிறது. சிக்கல் ஒரே ஒரு கேசட்டில். முத்தாரம்மன் கதை, வில்லுப்பாட்டு, 1988 என்று அச்சிட்டிருக்கிறது. அட்டையில் குழுவினரின் பெயர்கள் உண்டு, கம்பெனி பெயர் இல்லை. தேடிப் பார்த்தேன், இணையத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. பொதுவில் ஏற்றிவிடலாமா? மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிற என் மகன், "அது திருட்டு அப்பா" என்கிறான். "பூஞ்சைக்குக் கொடுத்தால் மட்டும் நியாயமா?" என்கிறாள் மனைவி. உங்கள் கருத்து என்ன?

டபுள்டெக், மார்த்தாண்டம்:

தம்பி, அந்த 175இல் நாலைந்து என் கடையில் பதிந்தவையாக இருக்கலாம். 1984 முதல் 1999 வரை ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். பலகை மாட்டி, கலர் பல்பு போட்டு, எல்லோரும் பார்க்க நடத்திய கடை. திருட்டு என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட ஒரு பாட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

தொழிலைச் சொல்கிறேன், இளையவர்களுக்குத் தெரியாது. 60 நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறு பாட்டு சுகமாக அடங்கும், பாக்கி இரண்டு மூன்று நிமிடம் கிடக்கும். அதை வெறுமனே விட்டால் "ஏமாற்றிவிட்டான்" என்பார்கள். ஆகவே ஏழாவதாக ஒரு பாட்டைப் போட்டு, நாடா தீரும் இடத்தில் முதல் சரணத்தோடு நிறுத்துவேன். குழித்துறையில் ஒருவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "அந்தப் பாட்டின் மீதி எங்கே அண்ணாச்சி?" என்று கேட்கிறார்.

விலையையும் யோசியுங்கள். கம்பெனி கேசட்டில் ஒரே படத்துப் பாட்டு ஐந்தோ ஆறோ இருக்கும், வேண்டியது இரண்டு. என் கடைப் பையனின் நாள் கூலி 15 ரூபாய், கம்பெனி கேசட் அதைவிட அதிகம். என்னிடம் வந்தால் பன்னிரண்டு படத்துப் பன்னிரண்டு பாட்டு, தானே பொறுக்கியது. மக்கள் மலிவு என்பதற்காக மட்டும் வரவில்லை. தனக்கு வேண்டியதை வேண்டிய வரிசையில் தருகிற கடை அன்றைக்கு வேறு எங்கே இருந்தது?

இயர்போன், தக்கலை:

இது முடிந்துபோன விஷயம் இல்லையா? ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய். யூடியூப் மியூசிக் அடுத்த மாதமே 99 ரூபாய்க்கு வந்தது. ஒரு பிரியாணி விலையில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கிறது. இதற்கு மேலும் ஒருவர் கோப்பை நகல் எடுக்கிறார் என்றால் அதற்குக் காரணம் வறுமை அல்ல, பழக்கம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆழ்கடல், தூத்தூர்:

கோபம் இல்லை தம்பி. ஒரு முறை எங்களோடு படகில் வாருங்கள்.

நாங்கள் தங்கல் தொழில் செய்கிறவர்கள். தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ ஐஸ் ஏற்றிப் புறப்பட்டால் சுறாவும் சூரையும் தேடி 30 நாள், 40 நாள் கடலில்தான். கரையை விட்டு ஒரு கட்டத்துக்கு மேல் சிக்னல் கிடையாது. என் மச்சினன் உங்களைப் போலவே சந்தா கட்டி, 300 பாட்டு இறக்கி வைத்துக்கொண்டு வந்தான். 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணையாவிட்டால் அந்தப் பாட்டுகள் திறக்காது என்பது யாருக்கும் தெரியாது. 31ஆம் நாள் இரவு வலை விட்டுவிட்டு உட்கார்ந்தோம், எல்லாப் பாட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. காசு கொடுத்தவனுக்குப் பாட்டு இல்லை. டிரைவரின் பென்டிரைவில் எட்டு வருடமாக அதே 600 பாட்டு, யார் யாரிடமிருந்தோ வாங்கியவை, கரை சேரும்வரை பாடிக்கொண்டே வந்தன.

இப்போது சொல்லுங்கள், எது திருட்டு?

ரப்பர்பால், குலசேகரம்:

எனக்கும் அதே கதைதான். காலையில் நாலு மணிக்கே பால்வெட்டுக்கு இறங்க வேண்டும். தலையில் விளக்கு, சட்டைப் பையில் போன். தோட்டத்தின் உள்பக்கம் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் போன் கடையில் 30 ரூபாய் கொடுத்து 4 ஜிபி மெமரி கார்டு நிறைய ஏற்றி வாங்கியதுதான் இன்றைக்கும் ஓடுகிறது. பாதி மலையாளம், அது கடைக்காரரின் ரசனை.

பாலைவனப் பயணி, ஷார்ஜா (சொந்த ஊர் கருங்கல்):

நான் கல்லூரியில் படித்தபோது நாப்ஸ்டர் காலம், பாட்டுக் கோப்புகளை இணையத்தில் ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிர்ந்துகொள்கிற மென்பொருள். 1999இல் தொடங்கி 2001 ஜூலையில் நீதிமன்றத் தடையால் நின்றுபோனது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ராக் இசைக்குழு மெட்டாலிகா வழக்குத் தொடுத்து, தங்கள் பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பட்டியலையே கொண்டுபோய்க் கொடுத்தது. அந்தப் பட்டியலில் நாகர்கோவில் பிரவுசிங் சென்டர் ஏதாவது இருந்திருந்தால் அது நான் உட்கார்ந்த இடமாகத்தான் இருக்கும்.

டயல்அப் இணைப்பு. 4 எம்பி பாட்டு ஒன்று இறங்கக் கால் மணி நேரம். மணிக்கு 30 ரூபாய் வாடகை என்றால் பாட்டுக்கு ஏழரை ரூபாய்! பாதியில் இணைப்பு அறுந்தால் காசும் போயிற்று, பாட்டும் போயிற்று. இலவசம் என்று பெயர், ஆனால் என் சட்டைப் பையிலிருந்து போன காசை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பாடியவருக்குப் போகவில்லை, டெலிபோன் இலாகாவுக்கும் சென்டர்காரருக்கும் போனது.

2003இல் ஆப்பிள் அமெரிக்காவில் ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியது. அந்தக் கடை இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது 2012 டிசம்பரில். இடையில் ஒன்பது வருடம். வாங்குகிறேன் என்று காசோடு நின்றவனுக்குக்கூட அந்தக் கடையின் கதவு மூடித்தான் கிடந்தது. ஒன்பது வருடம் கதவை அடைத்து வைத்துவிட்டு, சுவர் ஏறிக் குதித்தான் என்று குற்றம் சொல்வது என்ன நியாயம்?

இயர்போன், தக்கலை:

கடல், தோட்டம் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தக்கலை பஸ் நிலையத்தில் நாலு கோடு சிக்னலோடு உட்கார்ந்துகொண்டு இறக்குகிறவருக்கு என்ன சாக்கு?

பாலைவனப் பயணி, ஷார்ஜா:

சாக்கு இல்லை. கஞ்சத்தனம்.

பிரிவு ஐம்பத்திரண்டு, நாகர்கோவில்:

நீதிமன்றச் சாலைக்காரன் என்பதால் கொஞ்சம் சட்டம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. 1988 கேசட் என்றால் 2048 முடியும்வரை. முத்தாரம்மன் கதை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அந்த நாடாவில் இருக்கிற ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருக்குச் சொந்தம். நண்பர் தன் கேசட்டைத் தான் கேட்பதற்காகக் கணினியில் ஏற்றினால், சொந்த உபயோகம் என்று 52ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம். பொதுவில் ஏற்றினால் அந்த வாதம் நிற்காது. 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம்வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது.

அதே 52இல் ஒரு வேடிக்கையும் உண்டு. உண்மையான மதச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது. ஆகவே நம் ஊர் மைக் செட்காரர் கோயில் கொடைத் திருவிழாவில் பாட்டுப் போட்டால் தப்பித்துக்கொள்வார். அவருக்கு அந்த நகலை எடுத்துக் கொடுத்த டபுள்டெக் அண்ணாச்சி தப்ப முடியாது.

இன்னொன்று. "காசு கொடுத்தால் கலைஞனுக்குப் போகும்" என்று இயர்போன் தம்பி நினைக்கிறார் போலிருக்கிறது. சினிமாப் பாட்டில் நெடுங்காலம் அப்படி இல்லை. 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று சொல்லிவிட்டது. ஒரு தடவை கூலி, அத்தோடு சரி. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டதே 2012இல்தான். உங்கள் அப்பா வாங்கிய 37 கம்பெனி கேசட்டால் கவிஞர் வீட்டில் கூடுதலாக ஒரு உலை கொதித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

டபுள்டெக், மார்த்தாண்டம்:

வக்கீல் சார், நான் கடையை மூடிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன், மறுபடி எழுப்பாதீர்கள். 2004இல் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தபோது, "நல்லவேளை, நீங்கள் முன்பே விட்டுவிட்டீர்கள்" என்று வீட்டில் சொன்னார்கள். நான் குண்டனா என்று கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

சட்டம் செய்யாததை விலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. என் மருமகனின் கடையில் திருட்டு டிவிடி கேட்டு வந்தவர்களே அதை வாங்கிக்கொண்டு போனார்கள். அட்டை அழகாக இருந்தது, படம் பாதியில் நிற்கவில்லை. அந்த விலையைப் பாட்டுக் கம்பெனிகள் 1984இலேயே வைத்திருந்தால் நான் மளிகைக் கடை வைத்திருப்பேன்.

வீசுகோல், சுசீந்திரம் பக்கம்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

நாடாப்பெட்டி அண்ணன், அந்த அட்டையில் முதலில் அச்சிட்ட பெயர் என் அப்பாவுடையது. தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம். தயாரித்தவர் யார் என்று வக்கீல் சார் தேட வேண்டியதில்லை, அதுவும் அப்பாதான். சீட்டுப் பணம் எடுத்து, ஆறு பேரும் வில்லும் குடமும் உடுக்கையுமாகத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், மணிக் கணக்கில் வாடகை பேசிய ஒரு ஸ்டுடியோவில் பதிந்தார்கள். விடிய விடியப் பாடுகிற கதையை 60 நிமிடத்தில் அடக்க வேண்டும். எதை விடுவது என்று பஸ்ஸிலேயே சண்டை. இடத்தே (வில்லுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து) பாடுகிற மாமா திரும்பி வரும்போது அப்பாவோடு பேசவே இல்லையாம்.

500 கேசட் போட்டார்கள். விலை 22 ரூபாய். கொடைக்குப் போகிற ஊரிலெல்லாம் வில்லுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து அடுக்கி வைத்திருப்போம், காசு வாங்கிப் போடுவது என் வேலை, எனக்கு அப்போது ஒன்பது வயது. பங்குனி, சித்திரை இரண்டு மாதக் கொடையில் 180 விற்றது. பிறகு ஒரு நாள் திங்கள்சந்தையில் டீக்கடையில் அப்பாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் எங்கள் அட்டை இல்லை, வெள்ளைத் தாளில் "வில்லுப்பாட்டு" என்று பேனாவால் எழுதிய கேசட். ஆடிக் கொடையில் எங்கள் சாக்குக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. மீதி 320ம் கட்டிலுக்கு அடியில் வருடக் கணக்கில் கிடந்தன. சீட்டுப் பணத்தை அடைக்க மூன்று வருடம் ஆயிற்று.

கம்பெனிக்காரனிடமிருந்து எடுத்தால் அவனுக்கு ஆயிரத்தில் ஒன்று குறையும். எங்களுக்கு மொத்தமே 500. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு இரண்டு நாளாக வாதாடுகிறீர்களே, அதற்காகத்தான் எழுதினேன்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். அப்படி ஒரு வெள்ளைத் தாள் கேசட் ராதாபுரம் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போயிருக்கிறது. அதைக் கேட்டு ஊர்க்காரர்கள் விசாரித்து விசாரித்து, எட்டு மாதம் கழித்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து முன்பணம் வைத்தார்கள். 11 வருடம் அந்த ஊர்க் கொடைக்கு அப்பாதான். அப்பாவுக்கு நகல் போட்டவர்மேல் ஒரே ஒரு வருத்தம்தான் இப்போதும் உண்டு. "பெயரை எழுதியிருந்தால் எட்டு மாதம் அலைந்திருக்க மாட்டார்களே" என்பார்.

ரப்பர்பால், குலசேகரம்:

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

நீங்கள் சொன்ன கொடையில்தான் எனக்கு ஒரு வழி தெரிகிறது. கொடை எப்படி நடக்கிறது? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் வரி பிரிக்கிறோம். வில்லுக்காரருக்கு அதிலிருந்து பேசிய சம்பளம். இரவு பாட்டுத் தொடங்கினால் வரி கொடுத்தவன், கொடுக்காதவன், பக்கத்து ஊர்க்காரன், கடலை விற்கிறவன் எல்லோரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். டிக்கெட் கேட்பாரில்லை. பாடியவருக்குக் காசு முன்பே போய்விட்டது, பாட்டு எல்லோருக்கும் பொது. ஆல்பத்துக்கும் இப்படிச் செய்ய முடியாதா?

இயர்போன், தக்கலை:

கிட்டத்தட்ட இதை வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள் அண்ணன். 2007 அக்டோபரில் இங்கிலாந்தின் ரேடியோஹெட் இசைக்குழு தன் புது ஆல்பத்தை இணையத்தில் வைத்து, விலையைக் கேட்பவரே முடிவு செய்யட்டும் என்று விட்டது. ஒன்றும் தராமலும் இறக்கலாம்.

அக்கா, "பழக்கம்" என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் அப்பாவின் பாட்டு நான் சந்தா கட்டுகிற இடத்தில் இல்லை. இப்போதுதான் தேடிப் பார்த்தேன். "உலகத்துப் பாட்டெல்லாம்" என்று வேறு எழுதிவிட்டேன்.

பாலைவனப் பயணி, ஷார்ஜா:

வரி யோசனை அழகாக இருக்கிறது, ஆனால் ஊரில் வரி கொடுக்காதவனைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள், அந்தக் கூச்சம்தான் வசூலிக்கிறது. ரேடியோஹெட் குழு ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றது. யாருக்கும் தெரியாத ஆறு பேர் வில்லைத் தூக்கிக்கொண்டு வந்து "விலை உங்கள் விருப்பம்" என்றால் பஸ் சத்தம்கூடத் தேறாது.

நெறியாளர்:

பேச்சு நன்றாகப் போகிறது. பாட்டுக் கோப்புகளுக்கான இணைப்பை யாரும் இங்கே போட வேண்டாம். ஒன்றை நீக்கியிருக்கிறேன், போட்டவருக்குத் தெரியும்.

நாடாப்பெட்டி, வடசேரி:

தங்கச்சி, கேட்காமல் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பதிந்து வைத்திருக்கிறேன், பூஞ்சை இல்லை, ஒலி தெளிவாக இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுச் சொல்வீர்களா? எல்லோர் பெயரையும் அட்டையில் இருக்கிறபடியே போட்டு ஏற்றலாம், காசு ஏதாவது வந்தால் அவருக்கே. வேண்டாம் என்றால் வேண்டாம்.

வீசுகோல், சுசீந்திரம் பக்கம்:

இன்று மாலை கேட்டேன். "எந்தக் கேசட், 88ஆ?" என்றார். ஆமாம் என்றேன். "அது வேண்டவே வேண்டாம்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

காசுக்காக அல்ல. அன்றைக்கு அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். முந்தின இரவு பூதப்பாண்டி பக்கம் ஒரு கொடையில் விடியும்வரை பாடிவிட்டு நேராக பஸ் ஏறியிருக்கிறார்கள். ஸ்டுடியோ வாடகைக்கு முன்பணம் கட்டியாயிற்று, தேதியை மாற்ற முடியாது. இரண்டாம் பக்கத்தில் அம்மன் பிறப்பு முடிந்து வருகிற இடத்தில் மேல் சுருதிக்கு எட்டாமல் மாமாவை எடுத்துப் பாடச் சொல்லிக் கையைக் காட்டினாராம். பஸ்ஸில் வந்த சண்டையே அதனால்தான், கதையைச் சுருக்கியதால் அல்ல என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். "35 வருடமாக அந்தக் கட்டைக் குரலைத்தான் ஊரெல்லாம் கேட்டிருக்கிறது, இனி உலகமும் கேட்க வேண்டுமா?" என்கிறார்.

நீங்கள் வைத்திருப்பதைக் கேளுங்கள், வீட்டில் போடுங்கள், அதற்கு ஆட்சேபம் இல்லை என்றார். பொதுவில் வேண்டாம். அப்பா இப்போது வருடத்துக்கு ஒரே ஒரு கொடைக்குத்தான் போகிறார், ஆடிக் கடைசிச் செவ்வாய், எங்கள் ஊரிலேயே. வந்து நல்ல மைக்கில் பதிந்துகொள்ளட்டும், அதை ஏற்றட்டும் என்கிறார். அதிலும் இரவு 12 மணிக்கு மேல் பாடுவதைத்தான். அதற்கு முன்னால் தொண்டை சூடாகாதாம்.

நாடாப்பெட்டி, வடசேரி:

அப்படியே ஆகட்டும். இரண்டாம் பக்கத்தை இப்போது மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் குரல் மாறுவது தெரிகிறது. இத்தனை நாள் அதை ஒரு நயம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

பிரிவு ஐம்பத்திரண்டு, நாகர்கோவில்:

பதிவதற்கு முன் ஆறு பேரிடமும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1994 திருத்தத்துக்குப் பிறகு பாடுபவர், வாசிப்பவர் எல்லோருக்கும் தனித்தனியே நிகழ்த்துநர் உரிமை உண்டு. குடம் அடிக்கிறவருக்கும் உண்டு. தாளை நான் எழுதித் தருகிறேன், கட்டணம் இல்லை.

டபுள்டெக், மார்த்தாண்டம்:

மகளே, ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கேசட்டை நானும் போட்டிருக்கிறேன். திங்கள்சந்தைக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார், நாற்பது, ஐம்பது பிரதி இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதியது என் கையெழுத்தாகவே இருக்கலாம். தொண்டை கட்டியது எனக்குத் தெரியவில்லை, டிரெபிள் என்கிற மெல்லிய மேல் ஒலியைக் கூட்டி வைத்துத்தான் நகல் எடுப்பேன்.

ஆடிக் கடைசிச் செவ்வாய்க்கு வருகிறேன். அப்பாவிடம் நான் யார் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். சுசீந்திரத்தில் இறங்கி அங்கிருந்து எந்த பஸ்?

வீசுகோல், சுசீந்திரம் பக்கம்:

இரவு எட்டுக்கு மேல் பஸ் இல்லை மாமா. ஆட்டோதான். வந்ததும் போன் செய்யுங்கள், தம்பியை அனுப்புகிறேன்.